வில்வண்டி முதல் அம்பாசிடர் வரை: வாசலில் பட்டை மாற்றிய கதை

இந்த முறை கொஞ்சம் கிரீஸ் கறை படிந்த சரித்திரம்.

வில்வண்டி என்ற சொல்லைப் பழைய சினிமாவிலும் பாட்டிமார் பேச்சிலும் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் 'வில்' எங்கே இருக்கிறது என்று யோசித்ததுண்டா? வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரியும். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் வில் போல வளைந்து கிடக்கும். சக்கரம் கல்லில் ஏறும்போது வில் நிமிரும், இறங்கியதும் பழையபடி வளையும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு சின்ன ஆட்டத்தோடு போய்விடும். கட்டை வண்டியில் இந்தச் சங்கதியே கிடையாது. அச்சின் மேல் நேராகச் சட்டம். கல்லில் ஏறியது சக்கரமா நம்ம முதுகெலும்பா என்று சந்தேகமே வந்துவிடும் :)

நாமக்கல் பைபாஸில் போகும் லாரிகளின் அடியிலும், அம்பாசிடர் காரின் பின்பக்கத்திலும் இருப்பது இதே வில்தான். நம்ம ஊரில் அதற்குப் பேர் பட்டை. இது தேய்ந்து தொய்ந்து போனபோது எங்கள் பக்கத்து வீடுகளில் வாசலிலேயே எப்படி மாற்றிக்கொண்டார்கள், ஏன் அப்படி ஒரு பழக்கம் வந்தது, அந்தப் பழக்கம் காரின் வடிவத்தையே எப்படி மாற்றியது, இப்போது ஏன் மறைகிறது என்பதெல்லாம்தான் விஷயம். நான் படிப்பது பி.காம். மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

வில்லின் மேல் யார் உட்கார்ந்தார்கள்?

வண்டிக்கு ஸ்பிரிங் வைப்பது பழைய யோசனைதான். ஆனால் லண்டனில் கோச்சு வண்டி செய்துகொண்டிருந்த ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் நீள்வட்ட ஸ்பிரிங் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை வண்டியின் அடியில் கனமான ஒரு நெடுஞ்சட்டம் தேவைப்பட்டது. எலியட் ஸ்பிரிங்கை நேராக அச்சிலேயே பூட்டிவிட்டதால் அந்தச் சட்டம் தேவையில்லாமல் போனது. வண்டி எடை குறைந்தது, விலை குறைந்தது, சொகுசு கூடியது. பட்டை ஸ்பிரிங் பரவலாக ஆனது அதற்குப் பிறகுதான்.

அந்த வில் நம்ம மாட்டு வண்டிக்கு அடியிலும் வந்து சேர்ந்தது. ஆனால் எல்லார் வண்டிக்கும் வரவில்லை. சேலம் ஜில்லாவில் மிட்டாதார், பெரிய பண்ணைக்காரர், வக்கீல், டாக்டர் இவர்களுக்கு வில்வண்டி. சுமை ஏற்றவும், சுமையோடு சுமையாக ஆள் ஏறவும் கட்டை வண்டி. பட்டை என்பது வெறும் இரும்பு இல்லை, அந்தஸ்து.

எவ்வளவு பெரிய அந்தஸ்து என்பதற்குப் பக்கத்துத் திருவிதாங்கூரில் ஒரு சாட்சி இருக்கிறது. புலையர் சமூகத்தவர் பொதுச் சாலையில் நடக்கவே தடை இருந்த காலத்தில், வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893-ல் ஒரு வில்வண்டி வாங்கி, இரண்டு காளைகளைப் பூட்டி, தலைப்பாகையோடு அதே சாலையில் ஓட்டிப் போனார். அடிதடி நடந்தது. அவர் நிறுத்தவில்லை. கேரளத்தில் 'வில்லுவண்டி யாத்திரை' என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், நடந்தே போயிருந்தாலும் அது போராட்டம்தான். ஆனால் அவர் வில்வண்டியைத் தேர்ந்தெடுத்தார். குலுங்காமல் போகும் உரிமை யாருடையது என்ற கேள்வி அதில் இருக்கிறது. சஸ்பென்ஷன் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு ஆச்சரியம்.

மூன்றே மூன்று கார்

வண்டியிலிருந்து காருக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்பு இங்கே ஓடியவை பெரும்பாலும் இறக்குமதி கார்கள், இல்லையென்றால் உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. 1949-ல் முழுதாகச் செய்த கார்களின் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. 1953-ல் டாரிஃப் கமிஷன் சொன்னதன்பேரில், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும்தான் இடம் என்றானது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. அடுத்த முப்பது வருஷத்துக்கு நடுத்தர வர்க்கம் கனவு காண மிஞ்சியவை மூன்று: கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட் (பிற்பாடு பிரீமியர் பத்மினி), நம்ம சென்னை வண்டலூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

பணம் இருந்தாலும் உடனே கிடைக்காது. பதிவு செய்துவிட்டுப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். யாருக்கு எப்படி விற்பது என்பதற்கே 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். 1969-ல் அரசே விலையை நிர்ணயித்தது. கார் கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, 1971-ல் தீர்ப்பு வந்தது. ஒரு அம்பாசிடரின் நியாயமான அடக்க விலை என்ன, அதில் எவ்வளவு லாபம் சேர்க்கலாம் என்று நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் போட்ட வழக்கு அது. காஸ்ட் அக்கவுண்டிங் போரடிக்கிறது என்று சொல்லும் என் வகுப்புத் தோழர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இப்படிக் காத்திருந்து வாங்கிய காரை யார் ஐந்து வருஷத்தில் மாற்றுவார்கள்? வருமான வரிக் கணக்கில் காருக்குப் பொதுவான தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம். குறைந்துபோகும் மதிப்பின் மேல் போடுவது. அப்படிப் பார்த்தால் 1 லட்ச ரூபாய் கார் 20 வருஷத்தில் 4,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிடும். ஏடு அப்படித்தான் சொல்லும். ஆனால் நம்ம ஊரில் 20 வயசு அம்பாசிடர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்கப் போய்க்கொண்டிருந்தது. ஏட்டுக்கும் வாசலில் நிற்கும் காருக்கும் நடுவில் இருந்த அந்த வித்தியாசத்தை நிரப்பியது ரிப்பேர். அதிலும் அதிகமாகச் சஸ்பென்ஷன் ரிப்பேர். காரணம் சொல்லத் தேவையில்லை, நம்ம ரோடு.

காருக்கடியில் என்ன இருக்கிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன். சஸ்பென்ஷனில் இரண்டு வேலை நடக்கிறது. குழியில் விழும் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதைத் திருப்பித் திருப்பித் துள்ளிக் காட்டாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாக நெருக்கிப் போகும்போது துள்ளல் சூடாக மாறித் தீர்ந்துவிடும். இவற்றைக் காரோடு சேர்க்கும் மூட்டுகளில் ரப்பர் புஷ், பின், ஜாயின்ட் எல்லாம் வரும். தேய்வது பெரும்பாலும் இந்த மூட்டுகள்தான், மனுஷ உடம்பு மாதிரியே.

அம்பாசிடர் என்பது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார்தான், இங்கே 1950-களின் கடைசியில் பேர் மாறி வந்தது. பின்பக்கம் பட்டை. முன்பக்கம் டார்ஷன் பார் என்ற நீண்ட எஃகுக் கம்பி. அது வளையாது, முறுக்கிக்கொள்ளும். துணி பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள், விட்டால் திரும்பிக்கொள்ளும். ஒரே பக்கமாக முறுக்கிப் பழகிய கம்பி என்பதால் இடது பக்கத்துக் கம்பியை வலது பக்கம் போடக் கூடாது. கழற்றினதும் சாக்பீஸால் குறி போட்டு வைப்பார்கள். முன் சக்கரம் திரும்பும் இடத்தில் மரை போட்ட ட்ரன்னியன் இருக்கும். கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிடும். பழைய டிரைவர்கள் வாரா வாரம் கிரீஸ் கன்னோடு அடியில் போனது பக்தியால் இல்லை, பயத்தால்.

இதில் கவனிக்க வேண்டியது, கம்ப்யூட்டரோ ஸ்பெஷல் மெஷினோ கேட்கும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல், கடப்பாரை. அத்தோடு பக்கத்தில் உலை வைத்த ஒரு பட்டறை.

நாமக்கல் கொடுத்த பாக்கியம்

அந்தப் பட்டறை விஷயத்தில்தான் எங்கள் ஊர்ப்பக்கம் கொடுத்து வைத்தது. கரூர் பஸ் பாடிக்குப் பேர் போனது, திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்கு, சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்கு. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் லாரி விஷயத்தில் அதற்கு முன்பே தனி ராஜ்ஜியம். நாட்டின் நாலா மூலையிலிருந்தும் சேஸிஸை மட்டும் ஓட்டிவந்து பாடி கட்டிக்கொண்டு போவார்கள். மறைப்பு எதுவும் இல்லாமல், டிரைவர் மட்டும் முகத்தில் துண்டு கட்டி உட்கார்ந்து வரும் அந்த வெறும் சேஸிஸ் வண்டிகளைப் பார்க்காமல் இந்த ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது.

லாரி இருந்தால் பட்டை உடையும். பட்டை உடைந்தால் அதற்கென்றே பட்டறை வேண்டும். சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த ஸ்பிரிங் எஃகை உலையில் பழுக்கவைத்து, அச்சுக்கு ஏற்ப அடித்து வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றி ஆறவிட வேண்டும். அந்தக் கடைசிச் சூடு தவறினால் ஒன்று பட்டை கண்ணாடி மாதிரி ஒடியும், இல்லை ஒரே மாசத்தில் தொய்ந்துவிடும். நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டை அளப்பார்கள். பத்து டன் சுமக்கும் பட்டையை அடித்துப் பழகிய கைக்கு அம்பாசிடர் பட்டை விளையாட்டுச் சாமான்.

(சேலம் இரும்பு பற்றி இங்கே ஒரு கொசுறு. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார், தாது இந்தச் சேலம் பக்கத்தது. பிறகு இங்கிலாந்து போன அவர் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். கஞ்சமலையைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.)

வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டில் இருப்பது 1984 மாடல் அம்பாசிடர். அப்பாரு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் பின்பட்டையை வாசலில் வைத்து மாற்றியதை நான் ஸ்கூல் படிக்கும்போது பார்த்திருக்கிறேன். டார்ச் பிடிப்பது என் வேலை. நாமக்கல்லில் பட்டைப் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு மிஸ்திரி, சித்தப்பா, நான். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் நடந்தது இதுதான் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் வியாதியைக் கண்டுபிடிப்பது. காரின் ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விட வேண்டும். ஒரு தடவை எழும்பி நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுசு முடிந்தது. அப்புறம் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கர வளைவுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை முழம் போட்டுப் பார்ப்பது. எங்கள் காரில் டிரைவர் பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. பள்ளத்தில் இறங்கினால் 'கட்டக்' என்று ஒரு சத்தம், அது புஷ்.

முதல் நாள் ராத்திரியே யூ போல்ட்டுகளுக்கு டீசல் விட்டு ஊறவைத்தார்கள். காலையில் முன் சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பாடிக்கு அடியில் பனங்கட்டை முட்டு. அச்சுக்குத் தனியாக இன்னொரு ஜாக்கி. பட்டையைக் கழற்றும்போது அச்சு அந்தரத்தில் தொங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடக் கூடாதே. ஷாக்கைக் கழற்றி, யூ போல்ட்டைத் தளர்த்தி, பின்னால் ஷேக்கிளையும் முன்னால் பின்னையும் எடுத்தால் பட்டைக் கட்டு கையோடு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் தொய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும் என்றார் மிஸ்திரி. ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் கார் ஒருக்களித்துப் போகும்.

இரண்டு கட்டையும் சாக்கில் சுற்றி டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்து சித்தப்பா நாமக்கல் போனார். ஆளுக்கு எடை, பட்டைக்கு எடை, அந்த மொபெட்டின் சஸ்பென்ஷன் பட்ட பாட்டை யாரும் எழுத மாட்டார்கள் :) உடைந்திருந்த பட்டைகளுக்குப் புதுசு போட்டு, மற்றதை அடித்து வளைவு ஏற்றி மறுநாள் கொண்டுவந்தார்.

பூட்டும்போது நான் கற்றுக்கொண்டது ஒன்று. புது ரப்பர் புஷ்ஷை சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளி, நட்டை மாட்டியதும் சித்தப்பா ஸ்பேனரைப் போட்டு முறுக்கப் போனார். மிஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க சாமி, இப்பவே முறுக்காதீங்க. வண்டி கீழ எறங்கி அதோட எடையில நிக்கட்டும்." என் பக்கம் திரும்பி, "ஏன்னு சொல்லு பாக்கலாம் அம்மணி" என்றார். எனக்குத் தெரியவில்லை. கார் தூக்கியிருக்கும்போது பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாசத்தில் கிழிந்துவிடும். எடை ஏறி நிற்கும் நிலையில் இறுக்கினால் நடுநிலையில் இருக்கும், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்தான் திரும்பும். அவர் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. கார் கம்பெனிகளின் கையேடுகளிலும் இதையேதான் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

கணக்கு ஏட்டில் இது ரெவின்யூ செலவு. புஷ்ஷுக்கும் பட்டைக்கும் கொடுத்த பணம் மட்டும் பதிவாகும். இரண்டு நாள் சித்தப்பா மண்ணில் படுத்து எழுந்தது, மிஸ்திரிக்கு அப்பத்தா ஆக்கிப்போட்ட சோறு, இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. அந்தக் கார்கள் 'சிக்கனமாக' ஓடியதன் ரகசியத்தில் பாதி இதுதான் என்பது என் கருத்து.

மெக்கானிக் பேச்சைக் கேட்ட கம்பெனி

வாசலில் ரிப்பேர் செய்ய முடிந்தது காரின் வடிவத்தையே மாற்றியது என்றேனே, அதற்கு நல்ல உதாரணம் ஹெரால்டு. 1961-ல் இங்கே வந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான். பார்க்க அழகு. முன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், குனியவே வேண்டாம். வீட்டில் ரிப்பேர் செய்கிறவருக்கு அதைவிடச் சௌகரியம் உண்டா?

சங்கடம் பின்பக்கம். சாதாரணமாக இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு பட்டைக் கட்டு. ஹெரால்டில் ஒரே பட்டை, அதுவும் காரின் குறுக்கே, டிஃபரன்ஷியலுக்கு மேலே. சக்கரங்கள் தனித்தனியே ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் போகும் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். பட்டையை எடுக்க வேண்டும் என்றால் சாதாரண ஸ்பேனர் வேலையாகவும் அது இல்லை. முன்பக்க ட்ரன்னியனுக்கு கிரீஸ் கூடாது, கியர் எண்ணெய்தான் விட வேண்டும். அம்பாசிடர் பழக்கத்தில் கிரீஸ் அடித்தால் உள்ளே போய்ச் சேராது.

இந்த ஸ்விங் ஆக்ஸிலை இங்கிருந்த கார்க்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவே இல்லை. விளைவு, 1972-ல் அதே கம்பெனி கொண்டுவந்த ஸ்டாண்டர்டு கஸலில் ஸ்விங் ஆக்ஸில் கிடையாது, நம்ம ஆட்களுக்குப் பழகிய ஒரே அச்சு. இன்ஜினியரிங் பார்வையில் இதைப் பின்னடைவு என்று சொல்பவர்கள் உண்டு. தனித்தனிச் சஸ்பென்ஷனிலிருந்து பழைய அச்சுக்குத் திரும்பியது முன்னேற்றமா என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுரோட்டில் நின்றால் பக்கத்து ஊர்ப் பட்டறையில் சரிசெய்ய முடியுமா என்பதும் காரின் ஒரு குணம்தான், டயரின் பிடிப்பு மாதிரியே. கஸல் 1977 வாக்கில் நின்றது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடாமல் 1988-ல் கம்பெனியே கார் செய்வதை விட்டுவிட்டது, அது வேறு சோகம்.

மாருதி வந்தது

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணில் சேர்ந்த அமைப்பு. பின்பக்கம் முதல் மாடலில் பட்டைதான். 1986-ல் உருவம் மாறியபோது அதுவும் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. வில்வண்டியின் வில் நம்ம சொந்தக் கார்களை விட்டு இறங்க ஆரம்பித்தது இங்கேதான் என்று நான் குறித்துக்கொள்கிறேன்.

ஸ்ட்ரட் நல்ல ஏற்பாடு. இடம் மிச்சம், எடை குறைவு, சொகுசு அதிகம். ஆனால் வாசலில் கழற்ற பயங்கரமானது. நெருக்கிக் கட்டிய காயிலை அதற்கான கிளாம்ப் போட்டு அடக்காமல் மேல் நட்டைக் கழற்றினால், காயில் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். அதனால் ஆட்கள் பட்டறைக்குப் போனார்கள், பிறகு சர்வீஸ் சென்டருக்கு. பட்டையில் உடைந்த ஒரு இலையை மட்டும் மாற்றலாம். சீல் வைத்த ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

2014-ஐ இந்தக் கதையின் விசேஷ வருஷம் என்பேன். ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதம் உத்தர்பாரா ஆலை மூடப்பட்டு அம்பாசிடர் நின்றது. ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீடுகள் அதன் பிறகு நீண்டன. ஆனால் மூன்று செய்தியையும் ஒரே வருஷத்தில் வைத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்ற கார்கள் போன வருஷத்திலேயே, கழற்றும் உரிமை கோர்ட்டு விஷயமாகிவிட்டது. 2022-ல் மத்திய அரசு 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஒரு குழுவும், பிறகு ஒரு இணையதளமும் அமைத்தது. மிஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "அதுக்குமா உரிமை கேக்கோணும்?" என்று சிரித்தார்.

ஆஹா அந்தக் காலம் என்று உருகுவதற்கு முன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மிஸ்திரி பட்டறைக்குப் போனபோது வயசு பதினொன்று. டீ வாங்கவும், உலைக்குத் துருத்தி போடவும், இடுக்கான இடத்தில் சின்னக் கையை விட்டு நட்டு பிடிக்கவும் 'பையன்'கள் இல்லாத பட்டறையே அன்று கிடையாது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது, 14 வயசுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016-ல் இறுக்கப்பட்டது. சூட்டை நிறத்தால் அளக்கும் அவருடைய கண், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில் பழகியது. இடது கையில் இரண்டு விரல் அவருக்கு மடங்காது. மலிவான ரிப்பேரின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அவர் தன் மகனைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. மகன் பெங்களூரில் இருக்கிறார், நான் படிக்கும் அதே பி.காம். முடித்தவர்.

எங்கள் அம்பாசிடர் இப்போதும் ஓடுகிறது. பழைய காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025-ல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. இனி கட்ட வேண்டாம், கொடுத்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. அப்பாரு பதிலே சொல்வதில்லை. புஷ்ஷும் பின்னும் இன்னும் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டை வரை போனால் கிடைக்காதது இல்லை. பட்டை அடிக்க ஆள் இருக்கிறதா என்றால், நாமக்கல்லில் இருக்கிறது. லாரிகளுக்கு இன்னும் பட்டைதானே. போன தீபாவளிக்கு முன்பு நானும் சித்தப்பாவும் போனபோது, உலைக்குப் பக்கத்தில் லாரிப் பட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கார் பட்டை என்றதும், லாரி வேலை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம், விட்டுட்டுப் போங்க என்றார்கள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் போய்விடாதீர்கள். பாடிக்கு முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்கு அடை வைத்து, ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். மாருதிக்காரர்கள் காயில் பக்கம் கையே வைக்க வேண்டாம்.